தொலைக்காட்சிக்கேற்ற ஒலிபெருக்கி

நம் இல்லங்களிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி, பெட்டி என்னும் பெயருக்குரிய வடிவத்தை இழந்து நெடுநாளாயிற்று. முன்னாளில் அது மரப்பேழைபோல் முன்னும் பின்னும் பருத்து, கூடத்தின் ஒரு மூலையைத் தனதாக்கிக்கொண்டு வீற்றிருந்தது. இன்றோ சுவரில் மாட்டிய சித்திரப் பலகைபோல் மெலிந்து நிற்கின்றது. காட்சி அகன்றது, குரல் குன்றியது. பழைய பெட்டியின் முகத்திலே, திரைக்கு அருகில், பார்ப்பவரை நோக்கி ஒலிபெருக்கி அமைந்திருந்தது. இன்றைய பலகையின் முகம் முழுதும் திரையே ஆகிவிட்டமையின், ஒலிபெருக்கி அடியிலோ முதுகிலோ ஒடுங்கிக்கொண்டு, தரையை நோக்கியோ சுவரை நோக்கியோ பேசுகின்றது. நமக்கு முதுகு காட்டிப் பேசுவார் பேச்சு நமக்கு விளங்காமை வியப்பன்று.

இக்குறையை நீக்குதற்பொருட்டுக் கடைகளில் ‘ஹோம் தியேட்டர்’ என்றும் ‘சவுண்ட்பார்’ என்றும் பலவகை ஒலிக்கருவிகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் விலை சில ஆயிரம் ரூபாயிலிருந்து லட்சங்கள் வரை ஏறிச் செல்கின்றது. லட்சங்களைப் பற்றி எழுத யான் தகுதியுடையேன் அல்லேன். விடுதிக் கட்டணத்தையே தவணையாகச் செலுத்தி வருபவன். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பத்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய பொருளொன்றை வாங்கும் குடும்பத்தார் எதனைக் கருதி எதனைத் தெரிதல் வேண்டும் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் பயிலும் மாணாக்கன் பௌதிக சாஸ்திரத்திற்குள் நுழைவானேன் என்று நண்பர் சிலர் நகைத்தனர். இவ்விஷயத்தின் உயிர்நிலை எழுத்திலக்கணத்திலே இருப்பதைக் கண்ட பின்னரே யான் எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீட்டில் ஈராண்டுகட்கு முன் நிகழ்ந்ததை முதற்கண் கூறுவேன். எம் பாட்டியார் எண்பது வயதை நெருங்குபவர். மாலையில் செய்தியும், அதன்பின் ஒரு தொடர்நாடகமும் கேட்பது அவர் வழக்கம். மெல்லிய புதுத் தொலைக்காட்சி வந்த நாள்தொட்டு, “என்ன சொன்னான்?” என்று அருகிருப்பாரை அவர் வினவுவது மிகுந்தது. நாங்கள் விடை கூறி முடிப்பதற்குள் அடுத்த பேச்சுக் கடந்துவிடும். ஒலியைக் கூட்டினாலோ பின்னணி இசை வீட்டை அதிரச்செய்யும். தேர்வுக்குப் படிக்கும் தங்கை தன் அறைக் கதவைச் சாத்துவாள். சில திங்களிற் பாட்டியார் வினவுவதை நிறுத்தினார். பின்னர்க் கூடத்திற்கு வருவதையே குறைத்துக்கொண்டார். எந்தையார் இதனைப் பொறாது, ஆண்டிறுதியிற் கிடைத்த போனஸ் தொகையிலிருந்து எண்ணாயிரம் ரூபாயை எடுத்துச் சென்று, ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிவந்தார். சிறு பெட்டிகள் ஐந்து. முக்காலியளவு பெரும்பெட்டி ஒன்று. அட்டையின்மேல் வாட் கணக்கு ஆயிரங்களில் பொறிக்கப்பட்டிருந்தது. அன்று மாலை தெருவே எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. பாட்டியார் சற்றுநேரம் அமர்ந்து கேட்டுவிட்டு, “சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குய்யா, பேச்சுத்தான் இன்னும் வரக்காணோம்” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். எந்தையார் முகத்தை அன்று யான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சத்தம் வந்தும் பேச்சு வாராமைக்குக் காரணம் யாது? இங்கேதான் எழுத்திலக்கணம் துணைக்கு வருகின்றது. மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை உணரவல்லது. ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடியில் எத்தனைமுறை காற்று அதிர்கின்றது என்னும் கணக்கு. ஆடவர் குரலின் அடிநிலை அதிர்ச்சி 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், மகளிர் குரலினது 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் நிற்கும். பேச்சின் ஆற்றலிற் பெரும்பங்கு ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே, உயிரொலிகளில் அடங்கியுள்ளது. ஆனால் ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகளுள் பல, சிறப்பாக வல்லெழுத்துக்கள், ஈராயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலும் தம் அடையாளத்தை வைத்துள்ளன. க, ச, த என்பவற்றிற்கு வல்லினம் என்று பெயர். ஆற்றலை அளந்து பார்த்தாலோ அவை அருகிலுள்ள உயிரைக் காட்டிலும் மிக மெலிந்தவை, கணப்பொழுதில் மறைபவை. வலிமை உயிரிடத்தும், பொருள் வேறுபாடு மெய்யிடத்தும் கிடக்கின்றன எனலாம்.

முதுமையிற் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்ச்சிகளையே. கலை, தலை, மலை, வலை, அலை என்னும் ஐந்து சொற்களையும் முதியவர் ஒருவருக்குச் சற்றுத் தொலைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். ‘லை’ எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்கும், முதலெழுத்துத்தான் மயங்கும். எதுகை கேட்கின்றது, மோனை கேட்கவில்லை. முதியோர் அனைவரும் அறியாமலே எதுகைப் புலவர் ஆகிவிடுகின்றனர் என்று எங்கள் விடுதி நண்பரொருவர் வேடிக்கையாகச் சொன்னார். அது வேடிக்கை மட்டும் அன்று. இளஞ்செவிக்கும் இத்துன்பம் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசும் ஒலிபெருக்கியினின்று உயர்ந்த அதிர்ச்சிகளே முதலிற் குறைகின்றன. தாழ்ந்த ஒலி எங்கும் வளைந்து பரவும், உயர்ந்த ஒலியோ நேர்க்கோட்டிற் செல்ல விரும்பும். அதனால் இளையோரும் இக்காலத்தில் தாய்மொழிப் படத்தையே கீழே எழுத்து வரி ஓடவிட்டுப் பார்க்கின்றனர்.

இனி எங்கள் பெரும்பெட்டியின் குற்றம் வெளிப்படும். ‘சப்வூஃபர்’ எனப்படும் அது ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிக்கென்றே அமைந்தது. இடி, வெடி, முரசு இவையே அதன் உரிமை. அதன் எல்லைக்குள் வல்லினம் ஒன்றேனும் இல்லை. அன்றியும், உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள மெல்லிய உயர்ந்த ஒலியை மறைக்கும் இயல்புடையது. ஆகவே பாட்டியாருக்கு வேண்டிய ஒலியை நாங்கள் கூட்டவில்லை. அதன்மேற் கம்பளம் போர்த்தினோம்.

கருவியை விட்டு அறைக்கு வருவோம். ஒலிக்கருவி பற்றிப் பேசுவோர் அறையைப் பற்றிப் பேசுவது அரிது. அறையை எக்கடையும் விற்பதில்லை. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் புதிதாகத் திறக்கப்பட்டது. அங்கே ஆசிரியர் சொல்வது மாணாக்கர் எவர்க்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் சுவர்களில் மோதி மோதி ஏறக்குறைய ஐந்தரை வினாடி தங்கிற்று. அதற்குள் ஆசிரியர் இன்னும் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லிவிடுவார். இதனைச் சீர்செய்யும்படி வாலஸ் கிளெமென்ட் சேபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியரைப் பல்கலைக்கழகத் தலைவர் பணித்தார். சேபின், ஊர் அடங்கிய இரவுகளில், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து மண்டபத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதச்செய்து, அது நின்றபின் ஒலி எவ்வளவு நேரம் தங்குகின்றது என்று அளந்தார். பொழுது விடியுமுன் மெத்தைகள் தம் அரங்கிற்குத் திரும்பவேண்டும். இவ்வாறு இரவுபல உழைத்து, அறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஒலி தங்கும், மெத்தென்ற பொருள் எவ்வளவு மிகுமோ அவ்வளவு அது குறையும் என்னும் விதியைக் கணக்கோடு நிறுவினார். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபொனி மண்டபம் அக்கணக்கின் துணைகொண்டு கட்டப்பட்டது.

நம் வீட்டுக் கூடங்களைச் சேபின் கண்டால் உடனே மெத்தை தேடுவார். சிமெண்டுச் சுவர், மொசைக்கோ டைல்ஸோ பரப்பிய தரை, கான்கிரீட்டுத் தளம், கண்ணாடி அலமாரி: ஒலியை உண்ணும் பொருள் ஒன்றுகூட இல்லை. வெள்ளையடித்த புதுவீட்டில் சாமான் இறக்குமுன் கைதட்டிப் பார்த்தவர் அதன் ஓசையை அறிவர். தடித்த ஜன்னல் திரை, தரையிற் கனமான ஜமுக்காளம், எதிர்ச்சுவரில் நூல்கள் ஒழுங்கின்றி அடுக்கிய அலமாரி, பஞ்சு வைத்த சோபா, இவற்றுள் இரண்டு மூன்று இருந்தாலே மெய்யெழுத்துக்கள் உயிர்பெறும். மெல்லிய கோரைப்பாயால் பயன் சிறிது. நான்காய் மடித்த போர்வை அதனினும் மேல். இச்செலவு சில நூறு ரூபாய். பழம்புடவையைத் திரையாக்கத் தெரிந்த அன்னையார் உள்ள வீட்டில் அதுவும் வேண்டா.

ஒலிபெருக்கிகள் எத்தனை வேண்டும் என்பது அடுத்த வினா. ஒன்றிலிருந்து பலவாக அவை பெருகிய வரலாறு சுவையுடையது. ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் தம் மனைவியாருடன் பேசும்படம் காணச் சென்றபோது, நடிகர் திரையின் ஒரு பக்கத்தில் நிற்க, குரல் வேறிடத்திலிருந்து வருவது கண்டு மனம் உறுத்தப்பெற்றார் என்பர். 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் இருவழி ஒலிக்குரிய காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தார். இன்று ‘ஸ்டீரியோ’ என வழங்குவது அதுவே. 1933 ஏப்ரல் 27-ஆம் நாள், பெல் ஆய்வுக்கூடத்தார் பிலடெல்பியாவில் வாசித்த வாத்தியக் குழுவின் இசையைத் தொலைபேசிக் கம்பி வழியே வாஷிங்டன் நகரத்து மண்டபத்திற்கு அனுப்பிக் காட்டினர். அவர்கள் கையாண்டவை இரண்டு வழியல்ல, மூன்று: இடம், நடு, வலம். பெரிய மண்டபத்திற்கு நடுவிலும் ஒன்று தேவை என்பதை அவர்கள் கண்டிருந்தனர். நடுவில் இல்லையாயின், நேர் நடுவே அமர்ந்தவர்க்கு மட்டும் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். ஓரத்தில் அமர்ந்தவர்க்குத் தம்மை அடுத்த பெட்டியே எல்லாவற்றையும் பேசும்.

பின்னாளில் திரையரங்குகளில் இம்மூன்றோடு பக்கங்களுக்கு இரண்டும், தாழ்ந்த ஒலிக்கு ஒன்றும் சேர்ந்தன. இதையே 5.1 என்பர். புள்ளிக்கு முன்னுள்ள ஐந்து முழுவழிகள். புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று சப்வூஃபருக்குரிய சிறுவழி. 1992-இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ என்னும் படமே டால்பி டிஜிட்டல் முறையில் வெளிவந்த முதற்படம். இவ்வமைப்பில் உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டிக்கே ஒப்படைக்கப்படுகின்றது. ஐந்தனுள் எது சிறந்தது என்று கேட்பார்க்கு யான் தயங்காது நடுவிலுள்ளது என்பேன். ஆயினும் மலிவான தொகுதிகளில் மிகவும் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. மற்ற நான்கனோடு ஒத்த அதே சிறு தகரப்பேச்சுப் பெட்டி அங்கும் வைக்கப்பட்டிருக்கும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. மாலையில் நாம் காணும் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை இரண்டு வழிகளிலேயே வீட்டிற்கு வருகின்றன. நல்ல கருவி, இரண்டிற்கும் பொதுவான பேச்சைப் பிரித்தெடுத்து நடுப்பெட்டிக்கு அனுப்பும். மலிவான சிலவற்றில் அப்பிரித்தறியும் உறுப்பே இல்லை. வந்த இரண்டையே ஐந்து பெட்டிக்கும் பங்கிட்டுவிடும். செய்தி வாசிப்பவர் அப்பொழுது நம் முன்னாலும் பின்னாலும் ஒருங்கே வாசிப்பார். எங்கள் வீட்டில் நேர்ந்தது இதுவே. கூரையினின்று ஒலி பொழியும் ‘அட்மாஸ்’ முறை 2012-இல் திரையரங்குகளுக்கு வந்தது. வீட்டிற்கு விற்கப்படும் பல கருவிகள் ஒலியை மேலே எறிந்து தளத்தில் எதிரொலிக்கச் செய்கின்றன. அதற்குச் சமதளமான கூரை வேண்டும். சரிந்த ஓட்டுக் கூரையின்கீழ் வாழ்வோர் அப்பெயருக்காகக் கூடுதற்பொருள் கொடுத்தல் வீண்.

வாட் கணக்கைப் பற்றிச் சில சொற்கள். அட்டைகளில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று பொறித்து ஆயிரங்களை அடுக்குவது ஒரு வழக்கம். அதனை அளப்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட முறை யாதும் இல்லை. ஆகையால் அச்சடிப்பவர் மனமே அளவு. ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்த எண் ஓரளவு நம்பத்தக்கது. மெய்யறிய எளியதொரு வழியுண்டு: கருவியின் முதுகில் அது எவ்வளவு மின்சாரம் உண்ணும் என்று எழுதியிருக்கும். அறுபது வாட் உண்ணும் கருவி ஆயிரம் வாட் இடைவிடாது ஒலித்தல் இயலாது. உண்டதற்குமேல் உமிழ்வார் உலகில் இல்லை. அன்றியும் அத்துணை வாட் எதற்கு? சாதாரணமான சிறு ஒலிபெருக்கி ஒரு வாட் ஆற்றலில், ஒரு மீட்டர் தொலைவில், ஏறக்குறைய 85 டெசிபல் ஒலிக்கும். இருவர் உரையாடும் ஒலியோ 60 டெசிபல் அளவினது. ஆற்றலை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்துமடங்கு ஆற்றல் வேண்டும். இருபது வாட்டிற்கும் நாற்பது வாட்டிற்கும் உள்ள வேறுபாடு, விலைச்சீட்டில் தெரியுமளவு செவியில் தெரியாது.

எனின் எதனை வாங்குவது? முதலில் ஒன்றும் வாங்கவேண்டா. தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் ஒலிப் பகுதியைத் திறந்து, பேச்சைத் தெளிவாக்கும் முறை உளதாயின் அதனை இயக்கி ஒரு வாரம் கேட்டுப்பாருங்கள். முதியோர் உள்ள வீட்டில், செவி மருத்துவரைக் காண்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுதல் நலம். எக்கருவியும் அதற்கு ஈடாகாது. அதற்குப் பின்னும் குறை இருப்பின், சிறு கூடத்திற்கும் சிறு பொருளுக்கும் ஏற்றவை என் கருத்தில் இரண்டே.

ஒன்று, தனக்குள்ளே ஆம்ப்ளிஃபையர் அமைந்த இரண்டு ஒலிப்பெட்டிகள். நூலலமாரியில் அடங்கும் அளவின. திரையின் இருபுறமும், அமர்ந்தவர் செவி மட்டத்தில், அவரை நோக்கிச் சற்றே திருப்பி வைக்கவேண்டும். செலவிடும் பணம் முழுதும் இரண்டு பெட்டிக்குள் அடங்குவதால் ஒவ்வொன்றும் தரமுடையதாய் இருக்கும். ஐந்து பெட்டிக்குப் பகிர்ந்த எண்ணாயிரம் ரூபாயும் இரண்டு பெட்டிக்குப் பகிர்ந்த எண்ணாயிரம் ரூபாயும் ஒன்றல்ல. இருவர் மூவர் அருகருகே அமரும் வீட்டிற்கும், பாட்டுக் கேட்பதிலும் விருப்பமுடையார்க்கும் இதுவே தக்கது. மற்றொன்று, நடுவில் தனி ஒலிபெருக்கி உடைய சவுண்ட்பார், அட்டையில் 3.0 என்றோ 3.1 என்றோ குறித்திருக்கும். 2.0, 2.1 என்பவற்றில் அந்த நடு இல்லை. குடும்பத்தார் கூடத்தின் பல பக்கங்களிலும் சிதறி அமர்வாராயின் சற்றுக் கூடுதல் கொடுத்தும் இதனைக் கொள்ளலாம். இதனைத் தொலைக்காட்சிக்குக் கீழே, மேசையின் விளிம்புவரை முன்தள்ளி வைத்தல் வேண்டும். உள்ளே தள்ளிவைத்தால் மேசையே பாதி ஒலியை வாங்கிக்கொள்ளும். பலர் அலமாரித் தட்டுக்குள் அடைத்து, முன்னே பூஞ்சாடியும் வைக்கின்றனர்.

தனி ரிசீவரும் பழைய பெரிய பெட்டிகளும் கைம்மாறி வாங்குவது பொருளறிந்தார்க்குப் பெரும்பேறு, அறியாதார்க்குப் பெருந்தொல்லை. விடுதி அறையில் இருப்பவருக்குக் கம்பியுள்ள நல்லதொரு ஹெட்ஃபோன் போதும்.

இணைக்கும் முறையும் விலையைப் போன்றே கருதத்தக்கது. 2009-இல் வகுத்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறையிலிருந்து ‘ஏ.ஆர்.சி.’ என்னும் வசதி உள்ளது. தொலைக்காட்சியின் பின்னே அப்பெயர் பொறித்த வாயிலையும் கருவியிலுள்ள அதேபெயர் வாயிலையும் ஒரே கம்பியால் இணைத்தால், தொலைக்காட்சியின் ரிமோட்டே ஒலியையும் கூட்டிக் குறைக்கும். இளையோர்க்கு இது சிறிய வசதி; முதியோர்க்கு இதுவே பெரிய வசதி. இரண்டு ரிமோட் உள்ள வீட்டில் முதியவர் இரண்டையும் தொடுவதில்லை. அவ்வாயில் இல்லாதவிடத்து ஒளிக்கம்பி நன்று. ஆயின் அதன்வழி ஒலியளவு மட்டும் பெரும்பாலும் தனி ரிமோட்டுக்கே கட்டுப்படும்.

புளூடூத் வழியாகக் கம்பியின்றி இணைப்பதை, வேறு வழி உள்ளவரை, யான் விரும்பேன். ஒலி சுருங்கி விரிந்து வருவதற்குள் பெரும்பாலும் 100 மில்லி வினாடிக்கு மேல் கழிந்துவிடும். உதடு முன்னும் சொல் பின்னுமாக நிற்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒலி 125 மில்லி வினாடி பிந்தினாலோ 45 மில்லி வினாடி முந்தினாலோ பார்ப்பவர் அதனை உணர்வர். பிந்துவதை இத்துணைப் பொறுக்கும் செவி முந்துவதை ஏன் பொறுக்கவில்லை? குளத்தின் அக்கரையில் துணி துவைப்பவரைக் காண்பார், துணி கல்லில் விழுந்தபின் ஓசை வருவதைப் பிறவிதொட்டுப் பழகியுள்ளார். ஓசை வந்தபின் துணி விழக் கண்டார் எவருமில்லை. முதியோர்க்கு இத்தவறு பெருந்தடை. செவி தவறவிட்ட மெய்யெழுத்தை அவர் கண் உதட்டில் தேடுகின்றது. உதடு வேறு சொல்லைக் காட்டினால் அவர் எங்கே செல்வார்?

கடையில் கேட்டுத் தெரியும் முறையைச் சொல்லவேண்டும். விற்பவர் வெடியும் ரதவோட்டமும் நிறைந்த காட்சியையே ஓடவிடுவர். அதனை மறுத்து, செய்தி வாசிப்பு ஒன்றையும், மழைக்கிடையே இருவர் பேசும் காட்சி ஒன்றையும் போடச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியில் முன்னரே அவற்றைச் சேமித்துச் செல்லல் நன்று. திரையைப் பாராமல், கண்மூடிக் கேளுங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடுங்கால் இரண்டின் ஒலியளவும் ஒன்றாயிருத்தல் வேண்டும். சிறிது உரத்தது எதுவோ அதுவே சிறந்ததாகச் செவிக்குத் தோன்றும். இச்சூழ்ச்சியைக் கடைக்காரர் அறிவர். பிறகு ஒலியை மிகக் குறைத்துக் கேளுங்கள். 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டியபடி, ஒலி குறையுந்தோறும் தாழ்ந்த அதிர்ச்சிகளை உணரும் ஆற்றல் செவிக்கு விரைந்து குறைகின்றது. கடையின் உரத்த ஒலியில் மயக்கிய சப்வூஃபர், இரவு பத்து மணிக்கு உங்கள் கூடத்தில் ஊமையாகிவிடும். அப்பொழுது எஞ்சுவது எதுவோ அதற்கே நீங்கள் பணம் கொடுக்கின்றீர்கள். இன்னும் ஒன்று: மின்செருகியைப் பிடுங்கி மீண்டும் செருகச் சொல்லுங்கள். மின்வெட்டுக்குப் பின் சில கருவிகள் தாமே விழித்தெழா. சில வேறொரு வாயிலுக்கு மாறி நிற்கும். பகலில் முதியவர் தனித்திருக்கும் வீட்டில் இது சிறு குறையன்று.

எங்கள் வீட்டுக் கதை எஞ்சியுள்ளது. பிரித்த கருவியைக் கடையார் திரும்பப் பெறவில்லை. கோடை விடுமுறையில், மேலே எழுதியவற்றை ஒருவாறு கற்றபின், யான் அதனைச் சீர்செய்ய முற்பட்டேன். பின்னிருந்த இரண்டு பெட்டிகளையும் கழற்றிப் பரணில் ஏற்றினேன். மூலையிலிருந்த பெரும்பெட்டியைச் சுவரைவிட்டு இழுத்து, அதன் ஒலியைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தேன்; மூலையில் வைத்த பெட்டி தாழ்ந்த ஒலியைத் தேவைக்குமேல் பெருக்கும். நடுப்பெட்டியைத் தொலைக்காட்சிக்கு நேர்கீழே கொணர்ந்து, அடியில் பழைய அகராதி ஒன்றை அணைகொடுத்து, பாட்டியார் நாற்காலியை நோக்கி நிமிர்த்தினேன். ரிமோட்டில் ‘சென்டர்’ என்று எழுதிய பொத்தான் ஒன்று இருந்தது. ஈராண்டாக அதனை எவரும் அழுத்தவில்லை. அதனை நான்கு படி ஏற்றினேன். அன்னையார் இரண்டு ஜன்னல்களுக்கும் தடித்த திரை தைத்தார். செலவு முந்நூற்று நாற்பது ரூபாய்.

பேச்சு முழுதும் வந்துவிட்டது என்று சொல்வேனாயின் பொய்யாகும். செய்தி வருகின்றது. நாடகத்தில், அழுதுகொண்டே பேசுவார் பேச்சு இன்னும் வருவதில்லை. எனினும் பாட்டியார் மாலையில் மீண்டும் கூடத்திற்கு வருகின்றார். சென்ற திங்கள் எந்தையார் தவறாகக் கேட்ட ஊர்ப்பெயர் ஒன்றை அவரே திருத்தினார்.

எம் அத்தையார் இவ்வாண்டு புதுத் தொலைக்காட்சி வாங்கியுள்ளார். மாமாவுக்கும் செவி மந்தம். ஒலிப்பெட்டி தெரிய வருமாறு என்னை அழைத்திருக்கின்றனர். விடுமுறை தொடங்கிய மறுநாள் கடைக்குச் செல்வதாக உள்ளேன். உடன் பாட்டியாரும் வர இசைந்துள்ளார். செய்தியை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவர் எந்தப் பெட்டியருகே தலையசைக்கின்றாரோ, அதன் விலையைக் கேட்பதாகத் திட்டம்.